மெசினில் அப்ளிக்: முதல் மாம்பழம் தைக்க முன்னும் பின்னும் கேட்கிற கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் தைக்கப் பழக வருகிறார்கள். சட்டை வெட்டத் தெரிந்தவர்களும் உண்டு, மெசினில் நூல் கோக்கவே பயப்படுகிறவர்களும் உண்டு. அப்ளிக் என்று தொடங்கினால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

அப்ளிக் எண்டால் மெசினில போடுற பூ வேலைதானே ரீச்சர்?

இல்லை. பூ வேலையில் நூலாலேயே படம் வரும். அப்ளிக்கில் படம் துணியால் வருகிறது. ஒரு துணியில் உருவத்தை வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றித் தைக்கிறோம். நூலின் வேலை விளிம்பை மூடுவதும் பிரியாமல் பிடிப்பதும்தான். சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, வேலை எங்களுக்குப் புதிதல்ல. தேரில் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் கிட்டப்போய்ப் பாருங்கள். சிவப்பின் மேல் மஞ்சள், வெள்ளை, பச்சைத் துண்டுகளை வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். தூரத்தில் நிற்கிறவருக்கும் தெரியவேண்டிய படத்துக்கு நூல் போதாது, துணிதான் வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் இல்லக் கொடிகளில் வருகிற சிங்கமும் சூரியனும் அதே வேலைதான்.

என்னட்ட அம்மம்மாவின்ர கறுப்பு மிதி மெசின்தான் இருக்கு. அதில ஏலுமோ? புதுசு வாங்க வேணுமோ?

வாங்க முன் இதை முழுக்க வாசியுங்கள். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சீதனத்தோடு மெசின் போன வீடுகள் எத்தனையோ. 90களில் கரண்ட் இல்லாத வருசங்களில் ஊருக்கே உடுப்புத் தைத்தவை இந்த மிதி மெசின்கள்தான். ஆனால் பெரும்பாலான பழைய கறுப்பு மெசின்கள் நேர்த்தையல் மட்டும் போடும். ஊசி இடம் வலமாக ஆடாது. அப்ளிக் ஓரத்தில் நீங்கள் பார்க்கிற நெருக்கமான, பளபளப்பான சாட்டின் தையலுக்கு ஊசி ஆடவேண்டும், அதாவது சிக்சாக் உள்ள மெசின் வேண்டும்.

அதற்காக மிதி மெசினை மூடி வைக்காதீர்கள். அதில் இரண்டு வழி இருக்கிறது.

சுலபமான வழி, வெட்டிய விளிம்பிலிருந்து 2 அல்லது 3 மி.மீ. உள்ளே தள்ளி நேர்த்தையலால் சுற்றிவிடுவது. விளிம்பு கழுவக் கழுவ கொஞ்சம் பிசிறும், அதையே அழகாக எடுத்துக்கொள்ளலாம். அடியில் பசைத்தாள், அதாவது அயன் பெட்டிச் சூட்டில் துணியைத் துணியோடு ஒட்டுகிற தாள், ஒட்டியிருந்தால் பிசிறலும் குறைவு.

மற்றது எங்கள் அம்மாமார் செய்த வழி. துணியை வட்டப் பிரேமில் இழுத்துப் பூட்டி, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற மெசின் பாதத்தைக் கழற்றி, துணியைத் தள்ளும் பல்லை இறக்கி, பிரேமைக் கையால் இடம் வலமாக ஆட்டுவார்கள். ஊசி ஆடாவிட்டால் துணி ஆடட்டும் என்ற கணக்கு. பல் இறங்காத மெசினுக்குப் பல்லை மூடுகிற தகடு வரும். பிரேமைக் கைப்பூவேலைக்குப் பூட்டுவதுபோலப் பூட்டக் கூடாது, தலைகீழாகப் பூட்டவேண்டும், துணி மெசினின் தட்டோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். இன்னுமொன்று: பாதம் இல்லையே என்று பாதத்தை இறக்குகிற கைப்பிடியைத் தூக்கியபடி விடுவார்கள் புதியவர்கள். அதை இறக்கினால்தான் மேல் நூலுக்கு இழுவிசை வரும். இறக்காமல் தைத்தால் அடியில் நூல் குருவிக்கூடு கட்டும். விரல்களைப் பிரேமின் வளையத்தில் வையுங்கள், ஊசிக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். இந்த வழி பழகச் சில மாதம் எடுக்கும். பழகியவர்களின் கைவேலைக்கு முன்னால் என்னுடைய சிக்சாக் நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்மென்ற்சில வேலை செய்தனான். ஜூக்கி மெசின் வீட்டில இருக்கு. அதில தைக்கலாமோ?

அந்தத் தொழிற்சாலை மெசின் நேர்த்தையல்தான் போடும், ஆகவே நேர்த்தையல் அப்ளிக் மட்டும். வேகத்தை அடக்கக் கஷ்டமான மெசினில் வளைவு தைக்கப் பழகுவது ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பழகுவது மாதிரி. அதன் ஊசியை வீட்டு மெசினுக்கு எடுக்கவும் வேண்டாம். வீட்டு மெசின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை, அதன் ஊசித் தலை முழு உருண்டை.

கனடாவில இருந்து சித்தி மெசின் ஒண்டு அனுப்பியிருக்கிறா. நேரா பிளக்கில போடலாமோ?

போடவேண்டாம்! அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. முதலில் மெசினின் பின்புறமோ மோட்டருக்குக் கீழேயோ ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்கள். அதில் 110 அல்லது 120 மட்டும் இருந்தால், வோல்டைக் குறைக்கிற டிரான்ஸ்போமர் ஒன்று வைக்காமல் போடக் கூடாது. லண்டன், பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து வருகிறவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் 230 தான். பிளக்கின் தலையை மாற்றுகிற சின்ன அடப்டரை டிரான்ஸ்போமர் என்று நினைத்து ஏமாந்தவள் நான். அது வோல்டைத் தொடாது. மிதிபலகையிலிருந்து ஒரு மணம், பிறகு ஒரு புகை. அக்கா ஆசையாக அனுப்பிய மெசின் மூன்று நிமிடம் ஓடியது.

முதல் முதல் என்னத்தைத் தைக்க? பேத்தியின்ர சட்டையில போட ஆசை.

ஆசையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். தைத்து முடிந்த சட்டையில் கையும் கழுத்தும் மெசினுக்குக் குறுக்கே வரும், திருப்ப முடியாது. தட்டையாகக் கிடக்கிற ஒன்றை எடுங்கள்: சந்தைக்குக் கொண்டுபோகிற துணிப்பை நல்லது, அதுவும் பையாக மூட்டும் முன்னால், விரித்த துணியாக இருக்கும்போதே.

படத்துக்கு நான் எல்லோருக்கும் கொடுப்பது ஒரு கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் ஒரு இலையும். ஊர்ப்பற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த உருவத்துக்குள் நீங்கள் படிக்கவேண்டிய எல்லாம் இருக்கிறது. பழத்தின் வயிறு வெளிவளைவு. மூக்குக்கு மேலே சின்ன உள்வளைவு. இலையின் நுனி கூர்முனை. காம்பு ஒரு நேர்கோடு. நட்சத்திரமும் யானையும் பிறகு வரட்டும்.

மாம்பழம் உள்ளங்கை அளவுக்கு இருக்கட்டும். சின்னதாக வெட்டினால் சுலபம் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. உருவம் சின்னதாகச் சின்னதாக வளைவு இறுகும், திருப்பவேண்டிய தரம் கூடும்.

என்ன துணி நல்லது?

பருத்தி. நெசவு நெருக்கமாக இருக்கவேண்டும், தடிப்பாக இருக்கக் கூடாது. யாழ்ப்பாணம் நவீன சந்தைக் கடைகளில் வெட்டுத் துண்டுகளாகக் கிடைப்பவை போதும். வீட்டில் பழைய சாறம், பருத்திச் சேலை, சட்டை தைத்து மிஞ்சிய சீத்தைத் துணி இருந்தால் கடைக்கே போகவேண்டியதில்லை. ஆனால் துவைத்துத் துவைத்து நைந்த துணியை அடித்துணியாக வைக்கவேண்டாம், தையல் இழுக்கும்போது அது கிழிந்துபோகும். மேல் துண்டுக்கு எடுக்கலாம்.

புதுத்துணி என்றால் இரண்டையும் நனைத்துக் காயவிட்டு மினுக்கிய பிறகே வெட்டவேண்டும். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் முதல் கழுவலிலேயே மாம்பழம் வத்தலாகிவிடும். சிவப்பும் கடும் நீலமும் வாங்கினால் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் அதை வெள்ளைப் பையில் வைக்காதீர்கள்.

வெட்டும்போது துண்டின் நெசவு ஓட்டமும் அடித்துணியின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். இதை ஒருவரும் கவனிப்பதில்லை, பிறகு ஏன் சுருங்கியது என்று கேட்பார்கள்.

ஒட்டுற தாள் வாங்கத்தான் வேணுமோ?

வாங்க முடிந்தால் வாங்குங்கள், முதல் வேலைக்குப் பெரிய உதவி. நான் சொல்வது இரண்டு பக்கமும் பசை உள்ளது. ஒரு பக்கத்தில் உரிக்கிற கடதாசி இருக்கும். கடையில் கேட்டால் கொலருக்கு வைக்கிற கன்வசைத் தூக்கித் தருவார்கள். அது ஒரு பக்கம்தான் ஒட்டும், இதற்கு உதவாது.

செய்யும் முறை இது. கடதாசிப் பக்கத்தில் உருவத்தை வரையுங்கள். கோட்டிலிருந்து ஒரு விரல் வெளியே விட்டுச் சும்மா வெட்டி, துணியின் பின்பக்கத்தில் வைத்து அயன் பெட்டியால் அழுத்துங்கள். ஆறிய பிறகு கோட்டிலேயே சரியாக வெட்டி, கடதாசியை உரித்து, அடித்துணியில் வைத்து மறுபடி அழுத்துங்கள். அழுத்தவேண்டும், தேய்க்கக் கூடாது. சட்டை மினுக்குகிற கை தானாக ஓடும், அதை நிறுத்திப் பழகவேண்டும். எவ்வளவு சூடு, எத்தனை செக்கன் என்று பைக்கற்றில் இருப்பதைப் பாருங்கள். கூடுதலாகச் சுட்டால் கூடுதலாக ஒட்டும் என்பது பிழை. பசை எரிந்து, ஒட்டியதும் உரியும். கேக் தட்டில் விரிக்கிற பேக்கிங் தாளை மேலே போட்டுக்கொண்டால் அயன் பெட்டியில் பசை பிடிக்காது.

கிடைக்காவிட்டால்? பிள்ளைகளின் பசைக் குச்சியை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி மெல்லிதாகப் பூசி வைக்கலாம், கழுவப் போய்விடும். அல்லது கையால் பெரிய நூலோட்டம் ஓட்டி வைத்து, தைத்த பிறகு இழுத்துவிடுங்கள். துண்டுக்கு முன்கூட்டியே நன்றாகக் கஞ்சி போட்டு மினுக்கினால் வெட்டும்போது பிசிறாது, மெசினிலும் நழுவாது. குண்டூசி மட்டும் குத்தித் தைக்கவேண்டாம். இரண்டு குண்டூசிக்கு நடுவில் துணி அலையடிக்கும்.

ரீச்சர், எழுத்து தலைமாறி வந்திட்டுது!

வரும். எனக்கும் வந்தது. ஒரு விசயதசமிக்கு, ஏடு தொடக்குகிற மருமகனுக்கு, சிலேற் வைக்க ஒரு பை தைத்தேன். மஞ்சள் துணியில் ஒரு பெரிய சிவப்பு ‘அ’. பசைத்தாளில் வடிவாக வரைந்து, வெட்டி, ஒட்டி, சுற்றித் தைத்தும் முடித்தேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தால் சுழி வலப்பக்கம், கோடு இடப்பக்கம். பிள்ளைக்கு எழுதத் தெரியாது, அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அரிசித் தட்டுக்கு முன்னால் இருந்த மச்சாள்தான் பையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

காரணம் சுலபம். தாளை ஒட்டுவது துணியின் பின்பக்கத்தில். பின்னால் வரைந்தது முன்னால் இடம் வலம் மாறித்தான் தெரியும். ஆகவே எழுத்தையும் எண்ணையும் முதலில் சாதாரணக் கடதாசியில் மார்க்கரால் கறுப்பாக எழுதுங்கள். அந்தக் கடதாசியைத் திருப்பி யன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்னால் தெரிகிறதைப் பசைத்தாளில் படியெடுங்கள். எங்கள் எழுத்துகளில் ‘ப’ இந்தப் பிழையிலிருந்து தப்பும். ‘அ’, ‘க’, ‘த’ எல்லாம் காட்டிக்கொடுக்கும். மாம்பழத்துக்கு இந்தக் கவலை இல்லை, மூக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் மாம்பழம்தான்.

அடியில ஏன் கடதாசி வைக்கச் சொல்லுறீங்கள்?

சாட்டின் தையல் ஒவ்வொரு தரமும் துணியை இடமும் வலமுமாக இழுக்கும். அடியில் விறைப்பு இல்லாவிட்டால் தையலுக்கு நடுவில் துணி கூடாரம்போல எழும்பும். இதற்கென்று கிழித்தெடுக்கிற தாள் விற்கிறார்கள். பழக மெல்லிய வெள்ளைத் தாள் போதும், எழுதாத கொப்பித் தாளை எடுக்கலாம். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை பிடிக்கும். தைத்து முடிந்ததும் தையலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளைக் கிழியுங்கள், இல்லாவிட்டால் தையலும் சேர்ந்து வரும். கடதாசி ஊசியை மழுங்கச் செய்யும், அதே ஊசியால் பிறகு பட்டுச் சேலைக்கு ஓரம் அடிக்க நினைக்காதீர்கள்.

ஊசி, நூல்?

சாதாரணப் பருத்திக்கு 11 அல்லது 14 ஆம் இலக்க ஊசி, புதியது. பழைய ஊசியோடு இழுபடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்; முழு வேலையிலும் மலிவான சாமான் அதுதான். மேலே பளபளப்பான எம்ப்ராய்டரி நூல் போட்டால் வடிவு, சாதாரண பொலியெஸ்டர் நூலும் பிழையில்லை. அடி நூல் சுற்றுகிற பொபினுக்கு மெல்லிய நூல். நூலின் நிறம் மேல் துண்டின் நிறத்தோடு போகட்டும் முதலில். மாறுபட்ட நிறம் போட்டால் ஒவ்வொரு நடுக்கமும் எழுத்துப்போலத் தெரியும்.

சிக்சாக்கை எத்தினையில வைக்க?

அகலம் 3 மி.மீ. அளவில், நீளம் 0.4 அளவில் தொடங்குங்கள். இன்னும் நெருக்கினால் நூல் ஒரே இடத்தில் குவிந்து மெசின் நகராது. மேல் நூலின் இழுவிசையை ஒரு இலக்கம் குறையுங்கள். பாதத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சாட்டின் தையலுக்கான பாதத்தில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், புடைத்த தையல் அதற்குள்ளால் நழுவிப்போகும். தட்டையான பாதத்தில் அது முட்டி நிற்கும். முன்பக்கம் திறந்த பாதம் என்றால் இன்னும் நல்லது, ஊசி விழுகிற இடம் தெரியும்.

மெசினில் கம்பளித் தையல், அதாவது ஓரத்தில் சீப்புப்போல வருகிற தையல், இருந்தால் அதுவும் அழகு, குறிப்பாகப் பிள்ளைகளின் சாமான்களுக்கு. ஆனால் பிசிறுகிற துணிக்குச் சாட்டின்தான் பாதுகாப்பு.

எந்த அளவாக இருந்தாலும் முதலில் அதே இரண்டு துணி, அதே தாள், அதே நூலை வைத்து ஒரு வெட்டுத் துண்டில் தைத்துப் பாருங்கள். பார்த்த அளவை அந்தத் துண்டிலேயே பேனையால் எழுதி வையுங்கள். என்னிடம் ஒரு பிஸ்கட் பேணி நிறைய அப்படித் துண்டுகள் இருக்கின்றன.

நேராப் போகேக்க வடிவா வருது. வளைவில பல்லுப் பல்லா வருது. ஏன்?

இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் கடையில் வாங்கலாம், இதைக் கையால்தான் படிக்கவேண்டும். திருப்பும்போது ஊசி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது எல்லாம்.

மாம்பழம் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறமாதிரி துணியை வையுங்கள். ஊசி இடப்பக்கம் விழும்போது மாம்பழத்தின் மேல் விழவேண்டும், வலப்பக்கம் விழும்போது மாம்பழத்தின் விளிம்பைத் தாண்டி, மயிரிழை அளவு வெளியே, அடித்துணியில் விழவேண்டும். பழத்தின் கன்னத்தில், வளைவு குறைந்த இடத்தில் தொடங்குங்கள், மூக்கில் தொடங்கவேண்டாம். மெல்லத் தையுங்கள். ஒவ்வொரு தையலையும் எண்ணக்கூடிய வேகம்.

வயிற்றுப் பக்கம் வருகிறது. இது வெளிவளைவு. நாலைந்து தையல் போட்டதும் நிறுத்துங்கள். ஊசி வலப்பக்கம், அதாவது பழத்துக்கு வெளியே, துணிக்குள் இறங்கி நிற்கவேண்டும். இடப்பக்கம் நின்றுவிட்டால் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது பாதத்தைத் தூக்கி, துணியை ஒரு சொட்டுத் திருப்பி, பாதத்தை இறக்கி, அடுத்த நாலைந்து தையல். ஊசி வெளியே நின்றபடி திருப்பினால் உள்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், வெளி ஓரம் இடைவெளி இல்லாமல் வரும். ஊசி உள்ளே நின்றபடி திருப்பினால் வெளி ஓரத்தில் விசிறிபோல இடைவெளி விரியும். நீங்கள் சொல்கிற பல் அதுதான்.

மூக்குக்கு மேலே உள்வளைவு. அங்கே எல்லாம் மாறும்: ஊசி இடப்பக்கம், பழத்துக்குள் இறங்கி நிற்கும்போது திருப்பவேண்டும். ஏனென்றால் இப்போது அகலமான பக்கம் உள்ளேதான் இருக்கிறது. வகுப்பில் இந்த இடத்துக்கு வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான், “ஊசி வீட்டுக்குள்ளையோ, ரோட்டிலையோ?” வெளிவளைவுக்கு ரோட்டில், உள்வளைவுக்கு வீட்டுக்குள்.

இலைக்கு வாருங்கள். நுனியை நெருங்க நெருங்க இலை ஒடுங்கும். 3 மி.மீ. அகலத்தோடே போனால் இரண்டு பக்கத் தையலும் நுனியில் மோதிப் புடைக்கும். ஆகவே நுனிக்கு ஒரு விரல் இருக்கும்போதே அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போங்கள், நுனியில் 1 அளவுக்கு வந்துவிடட்டும். ஊசியை நுனிக்கு வெளியே இறக்கி, துணியை முழுக்கத் திருப்பி, இறங்கும்போது அதேமாதிரி அகலத்தைக் கூட்டுங்கள். ஒரு கை அகலத் திருகில், மற்றக் கை துணியில். முதல் நாள் மூளை குழம்பும்.

பிறகு சதுரமும் வீடும் தைக்கும்போது மூலைகள் வரும். வெளிமூலையில் விளிம்பு முடிகிற இடத்தைத் தாண்டி ஊசியை வெளியே இறக்கித் திருப்புங்கள், புதிய வரிசை பழைய வரிசையின் மேல் ஏறி மூலையை மூடும். உள்மூலையில், மூலையைக் கடந்து தையலின் அகலம் அளவுக்கு உருவத்துக்குள்ளேயே போய், ஊசியை உள்ளே நிறுத்தித் திருப்புங்கள்.

இலையை முதல் தைக்கிறதோ, பழத்தையோ?

எது அடியில் கிடக்கிறதோ அதை முதலில். இலையின் அடிப்பாகம் பழத்துக்குக் கீழே அரை விரல் நுழைந்திருக்கட்டும். மறைகிற விளிம்பைத் தைக்கத் தேவையில்லை, தைத்தால் மேலே வீங்கித் தெரியும்.

முடியிற இடத்தில ரிவர்ஸ் அடிக்கலாமோ?

அடித்தால் ஒரு கட்டி வரும். தொடங்கும்போதே கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மேல் நூலை இழுத்து, பொபின் நூலை மேலே எடுத்துப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றி வந்து தொடங்கிய இடத்தின் மேல் நாலைந்து தையல் ஏற்றி நிறுத்துங்கள். நூல்களைப் பின்பக்கத்துக்குக் கைஊசியால் இழுத்து முடிச்சுப் போடுங்கள்.

அடி நூல் மேல புள்ளி புள்ளியாத் தெரியுது.

மேல் நூல் இறுக்கம். இழுவிசையை இன்னும் குறையுங்கள். பொபின் கேஸின் கையில் ஒரு சின்ன ஓட்டை உள்ள மெசின் என்றால் அடி நூலை அந்த ஓட்டைக்குள்ளாலும் விட்டுப் பாருங்கள், அடி நூல் இறுகி மேலே வராது. அதற்கு முன்னால் பொபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடையுங்கள். பாதிக் குறை அதில் போய்விடும். மாரி காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த மெசின் என்றால் ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விட்டு, பழைய துணியில் ஒரு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாக இறுகிவிடும்.

மினுக்கினாப் பிறகு மஞ்சளா ஒரு கறை வருது.

அயன் பெட்டிக்குள் கிணற்றுத் தண்ணீர் விட்டீர்களா? எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படையைப் பாருங்கள், அதேதான் நீராவி அயன் பெட்டியின் ஓட்டைகளுக்குள்ளும் படிந்து, துருவோடு சேர்ந்து ஒரு நாள் துணியில் துப்பும். அப்ளிக் வேலைக்கு நீராவி இல்லாத பழைய அயன் பெட்டியே நல்லது. ஈரம் வேண்டுமென்றால் நனைத்துப் பிழிந்த கைக்குட்டையை மேலே போட்டு அழுத்துங்கள். முடிந்த வேலையைப் பின்பக்கத்தில், துவாய் ஒன்றை விரித்து அதன் மேல் குப்புறப் போட்டு மினுக்கினால் தையல் நசியாது.

ரீசேட்டில போடலாமோ? பட்டில?

ரீசேட் இழுபடும். பின்பக்கம் ஒட்டுகிற கன்வஸ் வைத்து அதை இழுபடாமல் செய்த பிறகு, முனை உருண்ட ஊசியால் தைக்கலாம். பட்டு, வெல்வெற் எல்லாம் பத்துப் பை தைத்த பிறகு கதைப்போம்.

பிழைச்சால் அவிழ்க்கலாமோ?

சாட்டின் தையலை அவிழ்ப்பது எறும்புக்குக் கால் கழற்றுவது மாதிரி. பின்பக்கத்தில் பொபின் நூலைப் பிளேடால் நீளத்துக்கு மெல்ல வெட்டிவிட்டால் மேல் நூல் தானாகக் கழன்று வரும், அதுதான் வழி. சின்னக் குறை என்றால் அவிழ்க்காதீர்கள். அகலத்தை அரை மி.மீ. கூட்டி அதன் மேலேயே இன்னொரு தரம் சுற்றிவிடுங்கள். நான் இப்போதும் பல வேலைகளை முதலில் ஐதாக ஒரு சுற்று, பிறகு நெருக்கமாக ஒரு சுற்று என்றுதான் தைக்கிறேன்.

பழகினால் உழைக்கலாமோ அக்கா?

உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் கொஞ்சம் உழைத்திருக்கிறேன். வருசத் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது கொடி தைக்க ஆள் தேடுவார்கள். கொடி என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது இரண்டு பக்கமும் தெரியும். எழுத்து உள்ள கொடியை ஒரே துணியில் தைத்தால் மறுபக்கம் தலைமாறும். இரண்டு துணியில் தனித்தனியாகத் தைத்து, முதுகோடு முதுகு வைத்து மூட்டவேண்டும். துணியும் நேரமும் இரட்டிப்பு, விலை பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

காசு பேசாமல் வேலை தொடங்காதீர்கள். ஒரு கடைக்கு 24 தலகணி உறை தைத்துக் கொடுத்தேன், விற்ற பிறகு தாறம் என்றார்கள். உறைகள் யன்னலில் இருந்து மறைந்துவிட்டன, காசு இன்னும் வருகிறது.

என்ர மாம்பழம் மாம்பழம் மாதிரி இல்லை ரீச்சர். பலாப்பழம் மாதிரி இருக்கு.

வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பியிருப்பீர்கள். கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்க, துணியைத்தான் மற்றக் கையால் திருப்பவேண்டும். கத்தரியின் நுனியால் நறுக்கு நறுக்கென்று கடிக்காமல், வாயின் அடிப்பாகத்தால் நீளமாக வெட்டுங்கள். கடித்த ஒவ்வொரு இடமும் ஒரு முள்ளாக நிற்கும், தையல் அதை மூடாது, இன்னும் எடுத்துக்காட்டும். அடுத்த பையில் சரிவரும். இந்தப் பைக்கு இன்னும் இரண்டு இலை வெட்டி, முள் கூடின பக்கத்தின் மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற ஆள் பையைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.